வெளிநாட்டில் ஆடும் முன்கள வீரரைப் பற்றி எழுதும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் வாசித்து வருபவன் நான். வெளிநாட்டுக் கழகங்களுக்கு ஆடும் முன்கள வீரர்களைப் பற்றி அதில் வரும் செய்திகள் பெரும்பாலும் இரண்டே வகையானவை. அவர் எத்தனை கோல் அடித்தார் என்பது ஒன்று; எந்தக் கழகம் அவரை எவ்வளவு பணம் கொடுத்து வாங்கியது என்பது மற்றது. இரண்டும் செய்திகள்தான், அவற்றை வெளியிடுவதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அவ்வீரரை யார், எந்த நிபந்தனையின் பேரில் எடுக்கிறார்கள், எடுத்த பின்னர் ஏன் மாதக்கணக்கில் வாங்கில் அமர்த்துகிறார்கள், சம்பளம் வராவிட்டால் அவர் என்ன செய்யலாம், அவரைச் சிறுவயதில் பழக்கிய ஊர்க் கழகத்துக்கு ஏதாவது கிடைக்குமா என்பன போன்ற விடயங்கள் எழுதப்படுவதே இல்லை. திருகோணமலையில் இன்று உதைபந்தாட்டம் ஆடும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் தேவையானது எழுதப்படாத இந்தப் பகுதிதான் என்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத அனுமதி கேட்கிறேன்.

மாலை வேளையில் ஏகாம்பரம் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தால், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் முதுகில் ஹாலண்ட், எம்பாப்பே, ரொனால்டோ என்ற பெயர்களைத்தான் காணலாம். பின்கள வீரரின் பெயரையோ கோல் காப்பாளரின் பெயரையோ அணிந்த பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் நிலைமை வேறல்ல. ஐரோப்பியக் கழகங்களின் கிண்ணப் போட்டிகள் பெரும்பாலும் நமது நேரப்படி நள்ளிரவு கடந்து பன்னிரண்டரைக்கோ ஒன்றரைக்கோதான் தொடங்குகின்றன. ஆனாலும் மறுநாள் காலை வகுப்பில் தூங்கி வழிபவர்களிடம் கேட்டால் கோல் விழுந்த நிமிடம் வரை சொல்வார்கள். உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு இந்த ஆர்வத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கோலடிக்க ஆசைப்படும் பிள்ளைகள் இல்லாத ஊரில் மைதானம் மாடு மேயும் தரவையாகிவிடும். எனினும் ஆசைப்படும் பிள்ளை எதற்கு ஆசைப்படுகிறது என்பதை அறிந்து ஆசைப்பட வேண்டாமா?

தெற்காசியாவிலிருந்து ஒரு முன்கள வீரர் வெளிநாடு சென்றால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவின் சுனில் சேத்ரியைவிடத் தெளிவான சான்று இல்லை. 2024 ஜூன் 6ஆம் திகதி கொல்கத்தாவில் குவைத் அணிக்கு எதிராக ஆடி ஓய்வுபெற்றபோது அவர் 151 சர்வதேச ஆட்டங்களில் 94 கோல்களை அடித்திருந்தார். அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் நாட்டுக்காக அவரைவிடக் கூடுதலான கோல்களை அடித்தவர்கள் ரொனால்டோவும் மெஸ்ஸியும் மட்டுமே. (மறு ஆண்டு மார்ச்சில் ஓய்விலிருந்து திரும்பி வந்து மாலைதீவுக்கு எதிராக இன்னொரு கோலும் அடித்தார்.) இந்த எண்களை வாசிக்கும் பிள்ளை, இவர் ஐரோப்பாவில் கொடிகட்டிப் பறந்திருப்பார் என்றே எண்ணும். நடந்தது வேறு. 2009ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் குயீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகம் அவரை ஒப்பந்தம் செய்ய முன்வந்தது; ஆனால் உலகத் தரவரிசையின் முதல் 70 இடங்களுக்குள் இந்தியா இல்லை என்ற காரணத்தால் அவருக்குப் பிரித்தானியாவில் வேலை செய்யும் அனுமதி மறுக்கப்பட்டது. அவருடைய ஆட்டத்திறன் அங்கே கணக்கில் எடுக்கப்படவே இல்லை. அவர் பிறந்த நாட்டின் அணி எத்தனையாம் இடத்தில் நின்றது என்பதே தீர்ப்பாயிற்று. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி விசார்ட்ஸ் கழகத்துக்குப் போனார். அங்கே மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு எதிரான நட்புறவு ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கினார் என்பது பலருக்கு நினைவிருக்கலாம். லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறக்கப்படவில்லை என்பதை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. 2012இல் போர்த்துக்கலின் ஸ்போர்டிங் லிஸ்பன் கழகத்தில் சேர்ந்தார். அங்கும் இரண்டாம் அணிக்கே அனுப்பப்பட்டு, அந்நாட்டின் இரண்டாம் நிலை லீக்கில் மூன்று ஆட்டங்களில் தலைகாட்டிய பின் நாடு திரும்பினார்.

வெளிநாட்டு லீக் ஆட்டங்களில் அவர் அடித்த கோல் ஒன்றுகூட இல்லை. இதை அவரைச் சிறுமைப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. திரும்பி வந்த உடனேயே சேர்ச்சில் பிரதர்ஸ் அணியோடும், அடுத்த பருவத்தில் புதிதாகத் தொடங்கப்பட்ட பெங்களூரு கழகத்தோடும் இந்திய லீக் பட்டத்தை வென்றார். 2016இல் பெங்களூரு கழகம் ஆசியக் கூட்டமைப்புக் கிண்ணத்தின் இறுதியாட்டம் வரை சென்றபோது அவரே அணித்தலைவர். வெளிநாட்டில் வாங்கில் இருந்த மாதங்களில் அவர் வீணாகிவிடவில்லை, வீடு திரும்பியதால் தோற்றுப்போகவும் இல்லை. ஆனால் நமது பக்கங்களில் ‘94 கோல்கள்’ என்பது மட்டும் வருகிறது. அந்த மூன்று முயற்சிகளும் வருவதில்லை. 2021 ஒக்டோபரில் மாலேயில் நடந்த தெற்காசியச் சுற்றுப்போட்டியில் இதே சேத்ரி முன்னின்ற இந்திய அணியை நமது இலங்கை அணி கோல் எதுவும் கொடாமல் சமநிலையில் நிறுத்தியதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். அவர் எட்டாத உயரத்தில் இருப்பவர் அல்லர் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

அவருக்கு முன்னோடியான பைச்சுங் பூட்டியாவின் கதையும் இதையே சொல்கிறது. ஃபுல்ஹம், வெஸ்ட் புரோம்விச் அல்பியன், அஸ்டன் வில்லா ஆகிய கழகங்களின் தெரிவுப் பயிற்சிகளுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய பின்னரே, 1999இல் இங்கிலாந்தின் மூன்றாம் நிலையில் ஆடிக்கொண்டிருந்த பெரி என்ற சிறிய கழகம் அவரை எடுத்தது. மூன்று பருவங்களில் 37 லீக் ஆட்டங்கள், மூன்று கோல்கள். கடைசிப் பருவத்தில் முழங்கால் காயம். பின்னர் மலேசியாவிலும் ஆடினார். அந்தப் பெரி கழகமே 2019இல் நிதி நெருக்கடியால் இங்கிலாந்து லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால், ஐரோப்பாவில் கழகம் என்றாலே கோட்டை என்று எண்ணும் நமது பிள்ளைகளுக்கு ஓரளவு தெளிவு பிறக்கும்.

முன்கள வீரருக்கு மட்டும் இந்தப் பாதை ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கும் லீக்குகளில், கிடைக்கும் சொற்ப இடங்களை ஒரு கழகம் முதலில் நிரப்ப விரும்புவது கோலடிப்பவரைக் கொண்டுதான். ஆகவே அந்த இடத்துக்குப் பிரேசிலிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் கானாவிலிருந்தும் ஆள் வருகிறது. இலங்கையிலிருந்து செல்பவர் அங்கே உள்ளூர்ப் பிள்ளையோடு மட்டுமல்லாமல் உலகம் முழுவதோடும் போட்டியிட வேண்டியவராகிறார். பின்களத்திலும் கோல் வாசலிலும் நெருக்கடி சற்றுக் குறைவு என்றே நினைக்கிறேன். 1980களில் டாக்காவின் அபாஹனி கழகத்தில் ஆடி அங்குள்ள இரசிகர்களின் மனத்தில் இடம்பிடித்த நமது பக்கீர் அலி பின்கள வீரர். அண்மைக் காலத்தில் மாலைதீவுக் கழகங்களில் நிலைத்து ஆடிய சுஜான் பெரேரா கோல் காப்பாளர். முன்கள வீரராகத் தெற்காசியாவிலிருந்து சென்று வெளியில் பெயரெடுத்தவர் என்றால் மாலைதீவின் அலி அஷ்பாக்கைச் சொல்லலாம். மலேசியாவில் பொலிஸ் அணிக்கு ஆடிய அவர், 2013 தெற்காசியச் சுற்றுப்போட்டியில் நமது அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஆறு கோல்களைப் போட்டார். அன்று நாம் பத்துக்குப் பூச்சியம் என்று தோற்றோம். ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் வாழும் தீவுக்கூட்டம் ஒன்றுக்குச் சாத்தியமானது நமக்கு ஏன் சாத்தியமாகவில்லை என்று கேட்டு ஒரு கட்டுரை வந்தால் நான் இரண்டு முறை வாசிப்பேன்.

வயது பற்றிய அவசரம் இன்னொரு விடயம். பதினாறு வயதில் ஐரோப்பாவுக்குப் போகாவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பெற்றோர் சிலர் நம்புகிறார்கள். ஐவரிகோஸ்டில் பிறந்து ஐந்து வயதில் பிரான்சிலிருந்த உறவினரிடம் அனுப்பப்பட்ட டிடியர் ட்ரொக்பா, அந்நாட்டின் இரண்டாம் நிலையில் ஆடிய லெ மான் கழகத்தில் தமது முதலாவது தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது அவருக்கு வயது 21. காயங்களோடு அங்கே காலம் போயிற்று. கான்காம் கழகத்தில் 2002-03 பருவத்தில் 17 லீக் கோல்கள் அடித்த பின்னரே பெரிய கழகங்கள் அவரைத் திரும்பிப் பார்த்தன. மார்செய் கழகத்தில் ஒரே ஒரு பருவம். 2004இல் 24 மில்லியன் பவுணுக்குச் செல்சி வாங்கியது. 2012இல் மியூனிக் நகரில் நடந்த சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் 88ஆவது நிமிடத்தில் தலையால் முட்டிச் சமப்படுத்தியவரும், கடைசித் தண்டனை உதையை அடித்துக் கிண்ணத்தை வென்று கொடுத்தவரும் அவரே. அந்த இரவை மட்டும் காணொளியில் பார்க்கும் பிள்ளைக்கு, இருபத்தொரு வயதில் இரண்டாம் நிலைக் கழகத்தில் காலில் கட்டோடு இருந்த அந்த மனிதரை யார் காட்டுவது?

இங்கிலாந்தின் ஹரி கேன் இன்று ஜேர்மனியில் ஆடுவதால் அவரும் ‘வெளிநாட்டில் ஆடும் முன்கள வீரர்’ என்ற வகையில் சேர்வார். டொட்டன்ஹாம் கழகம் அவரை இளவயதில் லேட்டன் ஓரியன்ட், மில்வோல், நோர்விச், லெஸ்டர் ஆகிய நான்கு கழகங்களுக்கு அடுத்தடுத்து இரவல் கொடுத்தது. பின்னர் அதே கழகத்துக்காக 280 கோல்கள் அடித்து வரலாறு படைத்தும் ஒரு கிண்ணம்கூட அவர் கையில் ஏறவில்லை. முப்பது வயதில், 2023 ஓகஸ்டில், பயேர்ன் மியூனிக் கழகத்துக்குப் போனார். ஒப்பந்தம் அறிவிக்கப்பட்ட அன்றே மாற்று வீரராக இறங்கிய ஜேர்மன் சுப்பர் கிண்ண ஆட்டத்தில் அணி மூன்று கோல்களால் தோற்றது. அந்தப் பருவத்தில் லீக்கில் மட்டும் 36 கோல்கள் அடித்தார். பயேர்னுக்கோ பல ஆண்டுகளுக்குப் பிறகு எந்தக் கிண்ணமும் இல்லாத பருவமாக அது முடிந்தது. 2025 மே மாதத்தில்தான் லீக் பட்டம் கிடைத்தது. உலகின் மிகச் சிறந்த முன்கள வீரர்களில் ஒருவருக்கே காத்திருப்பு இவ்வளவு நீளம்.

இனி ஒப்பந்தங்களுக்கு வருகிறேன். பத்திரிகைகள் மிகக் குறைவாக எழுதுவது இதைப் பற்றித்தான். குடும்பங்கள் மிக அதிகமாக ஏமாறுவதும் இதில்தான். சில காலத்துக்கு முன் மீன்பிடித் தொழில் செய்யும் தகப்பன் ஒருவர் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பதினைந்து வயதான அவருடைய மகனை ஐரோப்பியக் கழகம் ஒன்று தெரிவுப் பயிற்சிக்கு அழைப்பதாகவும், பதிவுக்கும் வீசாவுக்குமாக ஒரு தொகையை முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. கழகத்தின் சின்னம் அழகாக அச்சாகியிருந்தது. “சேர், படகு எஞ்சினை வித்தால் காசு சரிவரும், அனுப்பலாமோ?” என்று கேட்டார். அனுப்ப வேண்டாம் என்று நான் சொன்னதற்கு என் சொந்த ஊகம் காரணமில்லை. பதினெட்டு வயது நிறையாத வீரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு மாற்றுவதை, உலக உதைபந்தாட்டத்தை நிர்வகிக்கும் அமைப்பான பீஃபாவின் விதிகள் பொதுவாகத் தடை செய்கின்றன. பெற்றோர் உதைபந்தாட்டத்தோடு தொடர்பில்லாத காரணத்துக்காக அந்நாட்டில் குடியேறியிருத்தல், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பதினாறு வயது கடந்தவர் மாறுதல், எல்லையோரத்தில் வசித்தல் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு; திருகோணமலைக் கடற்கரையில் குடியிருக்கும் பிள்ளைக்கு அவற்றில் எதுவும் பொருந்தாது. 2014இல் பார்சிலோனா கழகமே இந்த விதியை மீறியதற்காக இரண்டு பரிமாற்றக் காலங்களில் புதிய வீரர் எவரையும் பதிவு செய்ய முடியாதபடி தண்டிக்கப்பட்டது. உலகின் முதல்தரக் கழகத்தால் முடியாததை, முகவரி தெரியாத முகவர் ஒருவர் படகு எஞ்சினின் விலைக்குச் செய்து தருவாரா?

இது நமக்கு மட்டும் நேரும் கொடுமை அன்று. மேற்கு ஆபிரிக்காவிலிருந்து இப்படி அழைத்துச் செல்லப்பட்டு, தெரிவில் தேறாததும் பாரிஸ் வீதிகளில் கைவிடப்பட்ட சிறுவர்களுக்கு உதவுவதற்காகவே கமரூன் நாட்டின் முன்னாள் வீரர் ஜோன் குளோட் எம்வூமின் 2000ஆம் ஆண்டில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். சிறுவர் பரிமாற்றம் பற்றிய பீஃபாவின் விதி அதற்கு அடுத்த ஆண்டுதான் நடைமுறைக்கு வந்தது. ட்ரொக்பாவின் கோல்களைக் கொண்டாடும் பக்கத்தில் இந்தச் சிறுவர்களுக்கும் நாலு வரி ஒதுக்குவது கடினமான காரியமா?

முகவர்களைப் பற்றியும் மக்கள் அறிய வேண்டும். பீஃபா 2023இல் நடைமுறைப்படுத்திய ஒழுங்குவிதிகளின்படி வீரரின் சார்பில் பேசும் முகவர் பரீட்சையில் தேறி உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பெயர்களைப் பீஃபாவின் இணையத்தளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். கைத்தொலைபேசி உள்ள எந்தத் தகப்பனும் செய்யக்கூடிய காரியம் அது. ஒப்பந்தம் கையில் கிடைத்த பிறகு பார்க்க வேண்டியவையும் சில உண்டு. தொழில்முறை ஒப்பந்தம் நடப்புப் பருவத்தின் முடிவு வரையாவது இருக்க வேண்டும், பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு மூன்று ஆண்டுகளே எல்லை. மருத்துவச் சோதனையில் தேறினால்தான் செல்லும், வேலை அனுமதி கிடைத்தால்தான் செல்லும் என்ற நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் வைக்கக் கூடாது என்பதும் விதி. அவற்றையெல்லாம் கழகம் கையெழுத்துக்கு முன்னரே பார்த்து முடித்திருக்க வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் உரிய நாளில் கொடுக்கப்படாவிட்டால், எழுத்தில் அறிவித்துப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்த பின், வீரர் தக்க காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் முடிய ஆறு மாதங்கள் இருக்கும்போதே அடுத்த கழகத்தோடு பேசிக் கையெழுத்திடவும் உரிமை உண்டு. இந்தக் கடைசி உரிமையின் பின்னணியில், பெல்ஜியத்தின் ஜோன் மார்க் பொஸ்மன் என்ற வீரர் நீதிமன்றத்தில் போராடி 1995 டிசம்பரில் பெற்ற தீர்ப்பு இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்த வீரரைப் பணம் கேட்டுத் தடுத்து வைக்க முடியாது என்று நிலைநாட்டிய அவருடைய சொந்த விளையாட்டு வாழ்க்கை அந்த வழக்கோடு ஏறத்தாழ முடிந்துபோயிற்று.

வேலை அனுமதி விடயத்தில் நமது நிலை சேத்ரியின் நிலையைவிட மோசமானது. அண்மை ஆண்டுகளில் நமது தேசிய அணி உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்தை அண்டியே நின்றிருக்கிறது. போதாக்குறைக்கு, நிர்வாகச் சிக்கல்களால் 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை பீஃபா நமது சம்மேளனத்தை இடைநிறுத்தி வைத்திருந்தது. அந்த மாதங்களில் தேசிய அணிக்குச் சர்வதேச ஆட்டம் எதுவும் இல்லை. கொழும்பில் கதிரைகளுக்காக நடந்த சண்டையின் செலவை, வெளிநாட்டு வாய்ப்புக்குத் தேசிய அணிக்காக ஆடிய ஆட்டங்களைச் சான்றாகக் காட்ட வேண்டிய இருபத்திரண்டு வயது முன்கள வீரர் ஒருவர் சுமந்தார் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன். அந்தக் கோணத்தில் எழுதப்பட்ட செய்தி எதையும் அன்று நான் எங்கும் காணவில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு நமது ஊர்க் கழகங்களின் பொறுப்பைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது ஒரு வீரர் நாடு கடந்து விற்கப்பட்டால், அந்தத் தொகையில் ஐந்து வீதம் அவரைப் பன்னிரண்டு வயது முதல் இருபத்துமூன்று வயது வரை பழக்கிய கழகங்களுக்குப் பங்கிடப்பட வேண்டும் என்பது பீஃபாவின் விதி. பன்னிரண்டு முதல் பதினைந்து வரையான ஒவ்வொரு வயதுக்கும் மொத்தத் தொகையில் கால் வீதமும், அதன் பின்னர் ஒவ்வொரு வயதுக்கும் அரை வீதமும் என்பது கணக்கு. பத்து இலட்சம் டொலருக்கு ஒரு வீரர் விற்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் இது சில்லறைத் தொகை. அவரை அந்த முதல் நான்கு ஆண்டுகளும் பழக்கிய கழகத்துக்கு 10,000 டொலர் வந்து சேர வேண்டும், அதாவது சுமார் 30 இலட்சம் ரூபா. பந்து வாங்கவும் வலை கட்டவும் கடைகடையாக ஏறி இறங்கும் நமது கழகங்களுக்கு அது எத்தனை ஆண்டுச் செலவு என்பதை நிர்வாகிகளே கணக்கிட்டுக்கொள்ளட்டும். இது தவிர, வீரர் முதன்முறையாகத் தொழில்முறை ஒப்பந்தம் செய்யும்போது கொடுபட வேண்டிய பயிற்சி இழப்பீடு என்று தனியாக ஒன்றும் இருக்கிறது. இந்தக் கொடுப்பனவுகள் உரிய இடத்துக்குப் போய்ச்சேர்வதைக் கண்காணிப்பதற்கென்றே 2022இல் பாரிசில் ஒரு தீர்வகம் திறக்கப்பட்டது.

ஆனால் அது யாருக்குக் கொடுக்கும்? ‘வீரர் கடவுச்சீட்டு’ எனப்படும் ஆவணத்தில், பன்னிரண்டு வயதிலிருந்து எந்தக் கழகத்தில் பதிவாகியிருந்தார் என்று எழுதப்பட்டிருக்கிறதோ அந்தக் கழகத்துக்குத்தான். நம் ஊரில் பிள்ளை பதினெட்டு வயது வரை பாடசாலை அணிக்கு ஆடுகிறது. மாலையில் கழகத்து அண்ணன்மார் பழக்குகிறார்கள். சுற்றுப்போட்டி வந்தால் அவசர அவசரமாக ஒரு பெயர்ப் பட்டியல் எழுதப்படுகிறது, போட்டி முடிந்ததும் அது யாருடைய வீட்டு அலுமாரியிலோ போய்விடுகிறது. சம்மேளனத்தின் மின்னணுப் பதிவில் ஏற்றி அதற்குரிய இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளாத பிள்ளைக்கு, நாளை அது எவ்வளவு பெரிய வீரனானாலும், விளையாட்டின் காகிதங்களில் இளமைக்காலமே கிடையாது. இதில் முகவரைக் குறை சொல்வதற்கோ ஐரோப்பாவைக் குறை சொல்வதற்கோ இடமில்லை. இது முழுக்க முழுக்க நமது அசட்டை. ஒரு கழகத்தின் செயலாளர் ஆண்டுக்கு ஒரு வாரம் மனம் வைத்தால் முடியக்கூடிய வேலை.

புலம்பெயர்ந்த பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். பேர்லினில் பிறந்து அங்குள்ள கழகங்களில் வளர்ந்த வசீம் ராசிக், 2021 நவம்பரில் கொழும்பில் நடந்த நான்கு நாடுகளின் சுற்றுப்போட்டியில் மாலைதீவுக்கு எதிராக நான்கு கோல் பின்தங்கியிருந்த நமது அணிக்காக நான்கையும் தாமே திருப்பி அடித்துச் சமப்படுத்தியதை இரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வேல்ஸில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த விமல் யோகநாதன் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழகத்துக்கு நடுக்களத்தில் ஆடுகிறார். இவர்களை நாம் நம்மவர் என்று உரிமை கொண்டாடுவது இயல்பு. எனினும் இவர்கள் சிறு வயதிலிருந்தே அங்குள்ள கழகங்களின் பயிற்சியிலும் பதிவிலும் வளர்ந்தவர்கள். இவர்களுடைய படத்தைப் போட்டு “நீயும் இப்படி வரலாம்” என்று இங்குள்ள பிள்ளைக்கு எழுதும்போது, இருவரும் புறப்பட்ட இடம் ஒன்றல்ல என்பதையும் சேர்த்து எழுதுவதே நியாயம். இங்கிருந்து புறப்படும் பிள்ளைக்குப் பெரும்பாலும் முதற்படி மாலைதீவாகவோ பங்களாதேஷாகவோ இந்தியாவாகவோ தான் இருக்கும். அந்த லீக்குகளின் முடிவுகள் நமது பக்கங்களில் வருவதேயில்லை. மான்செஸ்டரில் யாருக்குத் தொடையில் பிடிப்பு என்பது மூன்று பத்தியில் வருகிறது. மாலேயில் நம் நாட்டு வீரர் ஒருவர் ஆடினாரா இல்லையா என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

ஆகவே தங்களிடம் நான் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. ஒரு முன்கள வீரர் இத்தனை மில்லியனுக்கு வாங்கப்பட்டார் என்று எழுதும்போது, எத்தனை ஆண்டு ஒப்பந்தம், எந்தக் கழகத்தில் தொடங்கியவர், இதற்கு முன் எங்கெல்லாம் இரவலாகப் போனவர் என்பதையும் இரண்டு வரியில் சேர்த்தால் போதும். தெற்காசிய லீக்குகளில் ஆடும் இலங்கை வீரர்கள் எத்தனை நிமிடம் களத்தில் நின்றார்கள் என்பதை வாரத்துக்கு ஒரு முறை சிறு பெட்டியில் வெளியிடலாம். சிறுவர் பரிமாற்றத் தடையையும், முகவரின் உரிமத்தைச் சரிபார்க்கும் முறையையும் எளிய தமிழில் ஒரு முறை வெளியிட்டால் அதை வெட்டிப் பாடசாலை அறிவித்தல் பலகைகளில் ஒட்டும் பொறுப்பை எங்கள் ஊர் ஆசிரியர்கள் ஏற்றுக்கொள்வார்கள். நானும் அவர்களோடு நிற்பேன். அத்துடன் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கழகத்தின் பெயரில் பதிவு செய்வதற்கு என்னென்ன பத்திரங்கள் வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும், கடைசித் திகதி எது என்ற விவரங்களைச் சம்மேளனத்திடமும் மாவட்ட லீக்குகளிடமும் தங்கள் நிருபர்கள் கேட்டு எழுத வேண்டும். கழகச் செயலாளர்கள் கேட்டால் நாளைக்கு வா என்பவர்கள்கூட, பத்திரிகை கேட்டால் பதில் சொல்வார்கள். அடுத்த பாடசாலைத் தவணை தொடங்குமுன் அது வெளிவருமானால் இந்தப் பருவத்துப் பிள்ளைகளின் பெயர்களையாவது பதிவில் ஏற்றிவிடலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருகோணமலை.